குத்புதீன் சூடேற்றிய டிரம்

குத்புதீனுக்கு வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. கையைச் சும்மா வைத்திருக்கவும் தெரியாது. பகலில் பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு மரச்சாமான் கடையில் பாலிஷ் போடுவார். கல்யாணம் வந்தால் தெய்வசிகாமணியின் பேண்டு செட்டில் சைடு டிரம்மை மாட்டிக்கொண்டு ஊர்வலத்தில் நடப்பார். ஒரு முழு டிரம் செட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்பதுதான் முப்பத்தைந்து வயதில் அவருக்கிருந்த ஒரே ஆசை.

ஐம்பத்துநாலு நவம்பர், பிரெஞ்சுக் கொடி இறங்கி இந்தியக் கொடி ஏறி மூன்று வாரம். ஊரை விட்டுக் கிளம்பும் பிரெஞ்சுக்காரர்கள் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். முசே என்று ஊரார் கூப்பிடும் ஒரு பிரெஞ்சுத் துரை வீட்டில் இரண்டு டிரம் செட் இருப்பதாகச் சேதி. கிறிஸ்துமஸ் நடனத்துக்கு வாசிக்க ஒப்புக்கொண்டிருந்த தெய்வசிகாமணி, குத்புதீனையும் கூட்டிக்கொண்டு போனார்.

"நல்ல செட்டு அமைஞ்சா நீதான் உக்காரப்போற, குத்பு. இல்லன்னா டிரம் வாசிக்க ஒரு மெட்ராஸ்காரன் சொந்த செட்டோட வரேன்னுட்டான்" என்றார் வழியிலேயே. குத்புதீன் நடையை எட்டிப் போட்டார்.

ஒரு வாரமாக விடாத மழை. கூடத்தில் ஒரு செட் முத்துச்சிப்பி போல மினுங்கியது. இன்னொன்று வெறும் மரம், வெளிர்ந்த தேன் நிறம். மேப்பிள் என்றார் முசே. தெய்வசிகாமணி மினுங்குவதைத் தட்டினார், கணீரென்றது. மேப்பிளைத் தட்டினார்; பொத்தென்றது.

"இதையே எடுத்துக்கலாம்" என்று மினுங்குவதைக் காட்டினார்.

"இருங்க மாஸ்டர்." குத்புதீன் அந்த டிரம்மின் தோலைக் கழற்றி மேசைமேல் கவிழ்த்தார். அது ஆடியது. "மழையில திருகாணிய முறுக்கித் தோலை இறுக்கியிருக்காங்க. வெயில் வந்ததும் தோல் இழுத்து மரம் கோணிப்போச்சு. ஒரு மாசம் தாங்காது."

மேப்பிளையும் அப்படியே கவிழ்த்தார்; அது அசையாமல் உட்கார்ந்தது. விரல் முட்டியால் தட்டினார். மரம் நீளமாகப் பேசியது. "மரம் சுத்தம். தோல்தான் ஈரத்துல தூங்குது."

"அப்ப முறுக்கிக் காட்டு."

"முறுக்கினா இதுக்கும் அதே கதிதான்."

"அப்ப மெட்ராஸ்காரனே வரட்டும்" என்று தெய்வசிகாமணி குடையை எடுத்தார்.

சின்ன வயதிலிருந்து தர்கா கந்தூரியில் தாயிரா என்ற கைப்பறை அடித்தவர் குத்புதீன். தோலுக்குத் தணல் காட்டாமல் அதில் கை வைக்க மாட்டார்கள். சமையற்காரரிடம் சட்டி நிறையத் தணல் வாங்கி வந்து, சின்ன டிரம்மை அதன்மேல் பிடித்தார். முசே பதறி ஓடி வந்தார். தோல் கிழிந்தால் எல்லாம் போச்சு. உள்ளிருந்து மெல்லிய முறுகல் சத்தம் கேட்டது. குத்புதீன் கையை எடுக்கவில்லை.

பிறகு நிறுத்தி வைத்து ஒரே அடி. கூடம் அதிர்ந்தது. தெய்வசிகாமணி குடையைக் கீழே வைத்தார்.

அந்த ஒரு அடியோடு நிறுத்தியிருக்கலாம். வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சூடேற்றியிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மனுஷர் மற்ற டிரம்களுக்கும் தணல் காட்டி, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆசை தீர வாசித்தார்.

முசேவுக்கு நம்ப முடியவில்லை. இந்தக் கடற்காற்றில் அது செத்துவிட்டது என்றே மூன்று வருஷமாக நினைத்திருந்தாராம். அருகில் வந்து மரத்தைத் தடவினார்.

"விக்கிறதில்லே. கூட எடுத்துப் போறேன்" என்றார் தெரிந்த தமிழில்.

தெய்வசிகாமணி மினுங்கும் செட்டைப் பார்த்தார், குத்புதீனைப் பார்த்தார். ஒரு மாசம் தாங்காது என்று சொன்ன வாயால் அதையே எடுக்கலாம் என்று சொல்ல முடியுமா? இருவரும் வெறுங்கையோடு மழையில் திரும்பினார்கள். குத்புதீனுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது.

கிறிஸ்துமஸுக்கும் மழைதான். மெட்ராஸ்காரர் தன் செட்டைத் தட்டிப் பார்த்து முகம் சுளித்தார்.

"தோல் தொய்ஞ்சு கெடக்கு. தணல் காட்டத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கீங்களா?"

எல்லாரும் குத்புதீனைப் பார்த்தார்கள். அந்த முக்காலி அவருக்குக் கிடைத்திருக்க வேண்டியது. ஆனாலும் எழுந்துபோய்த் தணல் கொண்டுவந்தார்.

அறுபத்திரண்டில் பிளாஸ்டிக் தோல் வரும் வரை மழைக்கால நடனங்களில் அந்த வேலை அவருடையதாகவே இருந்தது. சூடேறிய தோலை ஒரே ஒரு முறை தட்டிப் பார்ப்பார். பிறகு முக்காலியை விட்டு எழுந்துகொள்வார்.