முந்நூற்று நாற்பது வோல்ட்

சுவருக்கு அந்தப் பக்கம் மோட்டார் முனகியது. சோற்றில் கை வைத்திருந்த ஏலிக்குட்டி நிமிர்ந்தாள். காயலோரத்தில் பம்பு அறையை ஒட்டிய அந்த ஒற்றை அறையில் பதினாறு வருடமாக வாழ்கிறவள். மோட்டாரின் மூச்சு அவளுக்குத் தெரியும். கை கழுவிவிட்டு ஓடுவதற்குள் 'பட்'டென்று ப்யூஸ் போனது.

வயலில் ஊறும் தண்ணீரைக் காயலுக்கு இறைத்துத் தள்ளுவது இந்த மோட்டார்தான். அது நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கும் எங்கள் வயலில் தண்ணீர் ஏறும். விதைத்து எட்டே நாள். முளை மூழ்கினால் ஐம்பது வீடுகளுக்கு இந்தப் போகம் இல்லை.

அரை மணியில் வள்ளம் கரையில் வந்து முட்டியது. வயல் சங்கச் செயலாளர் இட்டிச்சன் கையில் ப்யூஸ் கம்பிச் சுருளோடு ஏறி வந்தார்.

"எடீ ஏலிக்குட்டி, மூணு நாளா சாயங்காலம் ஆனா இதே கூத்து! தெற்கு வயல்காரன் மோட்டார் பாடுது, நம்மது படுத்துக் கிடக்குது. இந்தக் கம்பிய ரெண்டா முறுக்கிப் போடு."

"போட மாட்டேன், அச்சாயா."

"கரண்டே குறைச்சலாத்தான் வருது. அதுக்குத் தடிச்ச கம்பி போட்டா என்னடீ கெட்டுப்போச்சு?"

மூன்று வருடத்துக்கு முன் அவள் கணவன் ஔதக்குட்டி இரட்டைக் கம்பி போட்டான். ப்யூஸ் போகவில்லை, மோட்டார் எரிந்தது. வயல் காயலானது. ஊர் முகத்தில் விழிக்க முடியாமல் படுத்தவன் எழுந்திருக்கவே இல்லை. அடக்கம் முடிந்த மறுவாரம் அவள் ஆலப்புழையில் மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடை வாசலில் போய் உட்கார்ந்தாள். ஏன் எரிந்தது என்று புரியும்வரை, மூன்று நாள், எழுந்து வரவில்லை.

"குறையறது வோல்ட். அது தள்ளுற பலம். ஆம்பியர், கம்பியில ஓடுற அளவு. ரெண்டையும் பெருக்கினாத்தான் வாட், அதாவது வேலை. தண்ணி இறைக்கிற வேலை குறையுதா? இல்லையே! அப்ப தள்ளுறது குறைஞ்சா ஓடுறது கூடணும். நானூத்திப் பதினஞ்சு வோல்ட்ல அறுபத்தேழு ஆம்பியர். இப்ப மாதிரி முந்நூத்தி நாப்பதுக்கு இறங்கினா எண்பத்திரண்டு. பெருக்கிப் பாருங்க."

இட்டிச்சன் செல்போனில் பெருக்கினார். இரண்டு கணக்கும் இருபத்தெட்டாயிரத்தின் பக்கத்தில் வந்து நின்றன.

"அவ்வளவு ஓடினா மோட்டாருக்குள்ள இருக்கிற செம்புக் கம்பி வெந்துபோகும். ப்யூஸ் போறதே நம்மளக் காப்பாத்தத்தான்."

"பெரிய இஞ்சினீயரு! சாவியக் கொடு. நாளைக்கு வேற ஆள் வருவான். அறையையும் காலி பண்ணு."

அவளுக்குப் போக வேறு கூரை கிடையாது. ஆனாலும் ப்யூஸ் பெட்டியை மறைத்து நின்றாள்.

"கொடுக்கிறேன். கம்பி போடச் சொன்னது நீங்கன்னு ரெஜிஸ்டர்ல எழுதிட்டு வாங்கிக்குங்க. அன்னைக்கும் நீங்கதான் சொன்னீங்க, அச்சாயா. பழிய மட்டும் ஔதக்குட்டி சுமந்துட்டுப் போனான்."

இட்டிச்சனின் பேனா சட்டைப்பையிலேயே இருந்தது. "இப்ப என்ன செய்யணுங்கிற?" என்றார்.

"ஒரே லைன்ல ரெண்டு மோட்டாரும் போட்டி போட்டா ரெண்டுக்கும் வோல்ட் இறங்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தர்னு முறை வச்சு ஓட்டினா ரெண்டு வயலும் பிழைக்கும். தெற்கு வயலுக்குப் போன் போடுங்க."

எதிர்வயல் மோட்டார் ஓடும்போது தன்னுடையதை நிறுத்துவது எங்கள் பக்கத்தில் தலைகுனிவு.

"அவன்கிட்ட நான் கெஞ்சறதா? எங்கப்பன் காலத்துல இருந்து வள்ளப் பந்தயத்துல பகைடீ!"

"மானத்துக்கு எத்தனை வோல்ட்டு, அச்சாயா?"

முறைத்துக்கொண்டே தெற்கு வயல்காரனுக்குப் போன் போட்டார். "வாவச்சா... சிரிக்காதடா. ஒரு மணி நேரம் உன் மோட்டார நிறுத்து. அப்புறம் நாங்க நிறுத்தறோம்."

தெற்கே இரைச்சல் அடங்கியது. ஏலிக்குட்டி ஒற்றைக் கம்பி போட்டு விசையை ஏற்றினாள். வோல்ட் மீட்டரில் சரிந்த முள் மெல்ல ஏறி நானூற்றைந்தில் நின்றது. ஆம்பியர் அறுபத்தொன்பது. ப்யூஸ் அசையவில்லை. வயல் தண்ணீர் கரையைத் தாண்டிக் காயலில் கொட்டியது.

"இந்த அறையில நீயே இரு," என்று முணுமுணுத்தார் இட்டிச்சன். "ஞாயித்துக்கிழமை சங்கத்துல ஔதக்குட்டி விஷயத்தச் சொல்லிடறேன்."

"எல்லார் முன்னாலயும் சொல்லணும். நானும் வருவேன்."

அவர் தலையாட்டிவிட்டு வள்ளத்தில் இறங்கினார். வள்ளத்தைத் தள்ளும் கழுக்கோலின் சத்தம் விலகும்வரை நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.