விஜயலக்ஷ்மி மாமியின் எலுமிச்சம்பழச் சட்டம்

புது வண்டியின் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு சொல்கிறது, உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. ஆனாலும் வைத்திருப்பீர்கள். ஏன் என்று கேட்டால், "நம்பிக்கையெல்லாம் இல்லை சார், ஆனா எதுக்கு வம்பு" என்பீர்கள்.

தலைநகரின் மயூர் விஹாரில் தமிழர்கள் கூடிக் கட்டிய ஓர் அடுக்ககத்தில் குடியிருக்கும் விஜயலக்ஷ்மி மாமியும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். மத்திய அரசில் கோப்புகளோடு காலம் தள்ளி ஓய்வு பெற்றவர். கோப்பு இல்லாமல் கை நமநமத்துக் கிடந்த நேரத்தில் அடுக்ககத்துக்கு வெளிநாட்டுக்காரர்கள் வாடகைக்கு வரத் தொடங்கினார்கள். மாமிக்குப் பிறவிப் பயன் கிடைத்துவிட்டது. சூட்கேஸோடு லிஃப்டில் ஏறுகிறவர் இறங்குவதற்குள் பாதிச் சட்டப் படிப்பை முடித்துவிடுவார்.

மூன்றாம் மாடிக்குக் கென்யாவிலிருந்து வந்த அகின்யி என்ற ஆராய்ச்சி மாணவிக்கும் அப்படித்தான் பாடம் நடந்தது. இங்கிலீஷும் இந்தியும் கலந்த அந்தக் கிச்சடியைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"அக்ரிமென்ட் பதினோரு மாசத்துக்குத்தான் போடுவா. படிக்காம கையெழுத்துப் போடாதே. கீஸர், ஃபேன், சுவத்து விரிசல் எல்லாத்தையும் குடிவர அன்னிக்கே போட்டோ எடுத்து ஓனருக்கு அனுப்பிடு, போறச்சே அட்வான்ஸ்ல கை வெக்க மாட்டான். போலீஸ் வெரிஃபிகேஷன் ரொம்ப முக்கியம். ராகுகாலத்துல எதுலயும் கையெழுத்துப் போடப்படாது. பழைய ஸ்கூட்டர் வாங்கினா ஆர்.சி. புக்கை உன் பேருக்கு மாத்திக்கோ. இன்ஷூரன்ஸ், பொல்யூஷன் சர்டிஃபிகேட் ரெண்டும் கையிலயே இருக்கணும். சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெக்கணும். அச்சா?"

"அச்சா, மாமிஜி," என்றாள் அகின்யி.

சட்டம் எங்கே முடிந்தது, ராகு எங்கே உள்ளே நுழைந்தான் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? அத்தனையும் இந்திய அரசின் ஆணை என்று எடுத்துக்கொண்டாள்.

கரோல் பாக்கில் பழைய ஸ்கூட்டர் வாங்கப் போனவள் ராகுகாலம் கழியும்வரை கையெழுத்துப் போட மறுத்துக் கடைக்காரரை உட்கார வைத்தாள். பிறகு எலுமிச்சம்பழத்தைக் கேட்டாள். "மேடம், ஹெல்மெட் ஃப்ரீயாத் தரேன், எலுமிச்சை எங்க கடையில கிடையாது" என்று அவர் கெஞ்சியும் விடவில்லை. வாங்கி வரச் செய்து, சக்கரம் ஏற்றி, நசுங்கிய பழத்தைப் பத்திரமாகப் பையில் போட்டுக்கொண்டாள். திரும்பும் வழியில் போக்குவரத்துப் போலீஸ்காரர் கைகாட்டி நிறுத்தினார். கடைக்காரர் கொடுத்த காகிதங்கள், இன்ஷூரன்ஸ், பொல்யூஷன், சர்வதேச லைசென்ஸ் எல்லாவற்றையும் வரிசையாக நீட்டியவள், கடைசியில் எலுமிச்சம்பழத்தையும் நீட்டினாள்.

"யே க்யா ஹை?"

"ஒரிஜினல்," என்றாள் அகின்யி பெருமையாக. "ஜெராக்ஸ் இல்லை."

போலீஸ்காரர் அந்த ஒரிஜினலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அவளிடமே கொடுத்து வழிவிட்டார்.

கதையைக் கேட்ட மாமி கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனால் அது சட்டம் இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லப் போனால் ராகுகாலத்தையும் விளக்க வேண்டும். எதுக்கு வம்பு?

வம்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தானாகவே வந்தது. மாமியும் உறுப்பினராக இருந்த சொசைட்டிக் கமிட்டி கூடியது. அகின்யியை ஒரு வாரத்தில் காலி செய்யச் சொல்லும் கடிதத்தில் செயலாளர் சந்திரசேகர் எல்லார் முன்னாலும் கையெழுத்துப் போட்டார்.

"அவ பண்ணின தப்பு என்ன, சந்துரு?" என்று கேட்டார் மாமி.

"தப்புன்னு ஒண்ணும் இல்ல மாமி. நேரங்கெட்ட நேரத்துல வரா, போறா."

"லேப்ல வேலை பார்க்கறா. முதல் மாடி பிரெஞ்சுக்காரன் நேரங்கெட்ட நேரத்துல டிரம்ஸ் அடிக்கறானே, அவனுக்கு மட்டும் தீபாவளிக்கு மைசூர்பாகு கொடுத்தேள்?"

பொருளாளர் அனந்தகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "அது வேற மாமி."

"எப்படி வேற? ஓனருக்கு ஆட்சேபணை இல்ல. வாடகை ஒழுங்கா வரது. அக்ரிமென்ட் இன்னும் முடியல. அவளைக் கிளப்ப சொசைட்டிக்கு என்ன அதிகாரம்? எந்த விதியில இருக்கு?"

சந்திரசேகர் கையை விரித்தார். "அரே, நாங்க ஒண்ணும் கறுப்பு வெளுப்பு பார்க்கறவா இல்ல, மாமி. ஆனா எதுக்கு வம்பு?"

மாமிக்குச் சுருக்கென்றது. தன் வாய்ச் சொல் எதிர் நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்திருந்தது.

அப்போது, கடிதத்தை வாங்கிக்கொள்ளக் கூட்டத்துக்கு வரச் சொல்லியிருந்த அகின்யி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள். "எக்ஸ்கியூஸ் மீ. ஞாயிற்றுக்கிழமை அஞ்சு மணி. இது ராகுகாலம் இல்லையா? இப்ப போட்ட கையெழுத்து செல்லாதே? மாமிஜி சட்டம் சொன்னாங்க."

பாலம் கட்டிய எஞ்சினீயர், வங்கி மேலாளர், இயற்பியல் வாத்தியார் என்று கமிட்டி முழுக்கப் படித்தவர்கள். அத்தனை முகங்களும் வெளிறின. இந்திய ஒப்பந்தச் சட்டத்துக்கு அசையாத தலைகள் ராகுவுக்கு ஆடின.

"கிழிடா சந்துரு, ஜல்தி கிழி! போன தடவை இப்படித்தான் லிஃப்ட் ரிப்பேருக்குக் கையெழுத்துப் போட்டு, ஒரு மாசம் படியேறினோம்," என்று அலறினார் அனந்தகிருஷ்ணன்.

கடிதம் நாலாகக் கிழிந்தது. அகின்யி மாமியைப் பார்த்துச் சிரித்தாள். மாமியும் சிரித்திருப்பார். அதற்குள் சந்திரசேகர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பரவாயில்ல. நாளைக்குக் கார்த்தால ஒன்பதுக்கு மேல நல்ல நேரம். அப்ப போட்டுக் கொடுத்துடறேன்."

அவ்வளவுதான் ராகுவின் வக்கீல் வேலை. ஒன்றரை மணி நேரத்தில் கட்சிக்காரரை நடுத்தெருவில் விட்டுவிட்டு ஓடிவிடுவான்.

மாமி எழுந்தார்.

"பேஷாப் போடு. ஆனா மினிட்ஸ் புக்ல காரணம் எழுதணும். 'இந்தப் பொண்ணு கறுப்பு, அதனால அனுப்பறோம்'னு எழுதி, ஒவ்வொருத்தரா கையெழுத்துப் போடுங்கோ. அமிர்தயோகத்துலயே போடுங்கோ. நாளைக்குக் கோர்ட்டுக்குப் போறச்சே எனக்கும் சௌகரியம்."

"அப்படியெல்லாம் எழுத முடியுமா மாமி?"

"வாயால சொல்ல முடியறதே? இந்தா பேனா."

பேனா மேஜையைச் சுற்றி வந்தது. எஞ்சினீயர் மூக்குக்கண்ணாடி கொண்டு வரவில்லை. வங்கி மேலாளருக்கு மணிக்கட்டு வலி. வாத்தியாருக்கு வீட்டில் பால் அடுப்பில் இருந்தது. யார் கையும் படாமல் பேனா மாமியிடமே திரும்பியது. "குடியிருப்பவர் தொடரலாம்" என்று மாமியே எழுதி, அந்த ராகுகாலத்திலேயே முதல் கையெழுத்தைப் போட்டார். கூரை இடிந்து விழவில்லை. மின்விசிறி கூட நிற்கவில்லை.

படியேறும்போது அகின்யியிடம் உண்மையைச் சொன்னார். ராகுகாலம் சட்டம் இல்லை. எலுமிச்சம்பழமும் இல்லை.

அகின்யி நின்றுவிட்டாள். "அப்போ அந்த ஒரிஜினல்?"

"தூக்கிப் போடு."

"மாமிஜி, அதை லேமினேஷன் பண்ணச் சொல்லிக் கடையில கேட்டிருக்கேன்."

உங்கள் அடுக்ககத்திலும் கூட்டம் வரும். யாரோ ஒருவருக்கு வீடு கொடுக்கக் கூடாது என்று பேச்சு வரும். தோல், சாதி, மதம், தட்டில் இருக்கும் கறி என்று எதையும் வாய்விட்டுச் சொல்லாமல், "எதுக்கு வம்பு" என்று ஒருவர் முடித்து வைப்பார். அப்போது பேசாமல் வீட்டுக்குப் போய்விடாதீர்கள். எழுந்து நின்று பேனாவை நீட்டுங்கள், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். ராகுகாலமாக இருந்தாலும் உடனே சொல்லுங்கள்.