வருமானத்தை உரக்கச் சொன்ன நாள்

மகளுக்குப் பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்ததும் நான் முதலில் செய்த காரியம், கட்டணம் கட்ட வேண்டிய கடைசித் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டு, அந்தக் காலண்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டியதுதான். பார்க்காவிட்டால் தேதி வராது என்று ஒரு நம்பிக்கை.

நல்லூரில் நாலு மிஷின் போட்டுப் பனியன் தைப்பவன் நான். எனக்குப் பணம் என்றால் கடன், கடன் என்றால் வட்டி. உதவித்தொகை, முதல் பட்டதாரிச் சலுகை, கல்விக்கடன் என்று மகள் போனில் ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கிக்கொண்டிருந்தபோது நடுவில் புகுந்தேன்.

"அந்த உதவித்தொகைக்கு என்ன வட்டி கண்ணு?"

"வட்டியே இல்லீங்கப்பா. திருப்பியும் குடுக்க வேண்டாம். பேங்க் கடனைத்தான் திருப்பிக் குடுக்கோணும். அதுவும் நான் படிச்சு முடிச்சப்புறம்."

"சும்மாவா குடுப்பாங்க?"

"உங்க வருமானம் கம்மின்னு சர்டிபிகேட் வேணுமுங்க."

அங்கேதான் எனக்குச் சிக்கல். இந்த ஊரில் தொழில் செய்கிறவன் வருமானம் குறைவு என்று வாயால் சொல்ல மாட்டான். சொன்னால் மறுநாள் நூல் கடனுக்கு வராது. மிஷின்கள் துணி போர்த்தித் தூங்கினாலும் ஆர்டர் நிற்காமல் ஓடுகிறது என்றுதான் சொல்ல வேண்டும். நூல் கடைக்குப் போகும் நாளில் எனக்கு வெள்ளைச் சட்டை, மச்சானின் கார், மச்சானின் மோதிரம்.

கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வரச் சொன்ன அன்று, பதற்றத்தில் கை தானாக அந்த வெள்ளைச் சட்டையை எடுத்தது. மோதிரத்தையும் வாங்கிப் போட்டுக்கொண்டேன். மகள் மேலும் கீழும் பார்த்தாள்.

"அப்பா, பொண்ணு பாக்கப் போறமாங்க?"

நூல் பிசிறு ஒட்டிய பழைய சட்டைக்கு மாறினேன். மோதிரம் மட்டும் சோப்பு போட்டும் கழலவில்லை. அந்தக் கையைப் பேண்ட் பைக்குள் விட்டுக்கொண்டே மகளோடு பஸ் ஏறினேன்.

அலுவலகத்தில் வரிசை. எங்கள் முறை நெருங்கும்போது பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஏனுங்க, நல்லா இருக்கீங்களா? ஆர்டரெல்லாம் எப்படிப் போகுது?"

திரும்பினால் எனக்குக் கடனுக்கு நூல் கொடுக்கும் கடைக்காரர்.

"நிக்காம ஓடுதுங்க" என்றது என் வாய். மகள் முழங்கையில் கிள்ளினாள். அதற்குள் அலுவலர் என்னை அழைத்துவிட்டார்.

"தொழில் எப்படிங்க? வருமானம் என்ன வருது?"

மேசைமேல் கவிழ்ந்து கிசுகிசுத்தேன்.

"ஃபேன் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

முதுகில் நூல்காரரின் மூச்சு. இப்போது மகள் கிள்ளவில்லை. சுவரில் நேராகத் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிள்ளியிருந்தால் தேவலை.

"கம்மிங்க," என்றேன். "நாலு மிஷின்ல ரெண்டுதான் ஓடுது. அதுவும் வாரத்துல பாதி நாள்தானுங்க." பயத்தில் குரல் தெருவரை போயிருக்கும். கையும் பையிலிருந்து வெளியே வந்துவிட்டது.

"இது?" என்று அலுவலர் விரலைப் பார்த்தார்.

"மச்சானோடதுங்க. கழல மாட்டேங்குது."

"எண்ணெய் போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார்.

நூல்காரர் முகத்தைப் பார்க்கத் திராணியில்லாமல் வெளியே நடந்தேன். அவர் முறை வந்தது. "பையன் காலேஜுக்குங்க" என்றது கேட்டது. பிறகு வெறும் கிசுகிசுப்பு.

"சத்தமாச் சொல்லுங்க" என்றார் அலுவலர்.

நான் வாசலில் குனிந்து செருப்பைச் சரிசெய்யத் தொடங்கினேன்.

"வாங்கப்பா, பஸ் போயிரும்."

"இரு கண்ணு, பக்கிள் மாட்டிக்கிறேன்."

"அது ரப்பர் செருப்புங்கப்பா. பக்கிளே இல்ல."

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

சான்றிதழ் தேதிக்கு முன்பே வந்தது. அதற்கு முன்பே நூலும் வழக்கம்போல் வந்தது. அதன் பிறகு நூல்காரர் என்னிடம் ஆர்டர் பற்றிக் கேட்பதில்லை. நானும் அவர் கடை வியாபாரத்தை விசாரிப்பதில்லை. காலண்டரை நேராக மாட்டிவிட்டேன். மோதிரம்தான் இன்னும் விரலில் இருக்கிறது. மச்சான் தினமும் போன் செய்கிறார்.