கம்பி கட்டிய வாய்

குடியிருப்பில் அவளைக் கர்ட்டன் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஜன்னல் அளவை எடுத்துப்போய், திரைச்சீலை தைத்து, தானே ஏணி போட்டு மாட்டியும் விட்டு வருவாள். புருஷன் டவுன் பஸ் டிரைவர். வாய் ஓயாத மனுஷன். சோப்புப் போட்டுக் குளிக்கும்போதும் உள்ளேயிருந்து பேச்சுக் கேட்கும்.

அப்படிப்பட்டவனின் வாயைத்தான் கம்பி போட்டுக் கட்டினார்கள். முன்னால் போன லாரி சட்டென்று நிற்க, இவன் பிரேக்கை மிதிக்க, முகம் போய் ஸ்டியரிங்கில் மோதிவிட்டது. பயணிகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. இவனுக்குத் தாடை உடைந்தது. மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கட்டி, "எதுவானாலும் ஸ்ட்ராவில்தான்" என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

மதியமும் ராத்திரியும் சூப்பை வடிகட்டிக் கொடுத்து ஒப்பேற்றினாள். காலைதான் பெரும்பாடு. வெறும் பாலைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டான். "பழத்தை அடிச்சு ஸ்மூத்தி மாதிரி கொடுங்க, தெம்பா இருக்கும்" என்று நர்ஸம்மா சொன்னதைக் கேட்டு மிக்ஸியை இறக்கினாள்.

அதிலும் எத்தனை வில்லங்கம்! கொய்யா விதை கம்பிக்குள் மாட்டிக்கொண்டு அவனைப் பாடாய்ப் படுத்தியது. அன்னாசி உதட்டுப் புண்ணில் பட்டுக் கண்ணில் தண்ணீர் வந்தது. வாழைப்பழம் கொஞ்சம் கூடினால் ஸ்ட்ரா அடைத்துக்கொள்ளும். பப்பாளியைப் பாலோடு அடித்துச் சற்று நேரம் வைத்தால் கசந்துபோகும். கடைசியில் மாம்பழம், பாதி வாழைப்பழம், ஊறவைத்த பாதாம், பால் எல்லாம் சேர்த்து அடித்து, திரைச்சீலைக்கு வாங்கிய மெல்லிய வலைத்துணியைக் கொதிக்கவைத்து அதில் வடிகட்டினாள். அது இறங்கியது.

எதிரே பிள்ளைகள் ரொட்டியைக் கடித்துத் தின்பதை அவன் பார்க்கும் பார்வை அவளுக்குத் தாங்கவில்லை. சின்னவனுக்கும் தாங்கவில்லை போல. ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு, "எனக்கும் டீசல் போடும்மா. நானும் பஸ்ஸுதான்" என்றான். டிரைவரின் தோள்கள் குலுங்கின. சிரித்தால் வலிக்கும், ஆனாலும் சிரித்தான். மறுநாளிலிருந்து பெரியவளும் அதையே கேட்டாள். நாலு டம்ளர், நாலு ஸ்ட்ரா. மேஜையில் ஒருத்தரும் எதையும் மென்று தின்னவில்லை.

புண்ணில் சீழ் பிடித்ததால் கம்பியைப் பிரிப்பது தள்ளிக்கொண்டே போனது. அந்த மாதங்களில் அவன் வாயோரம் வழிவதைத் துடைத்தாள். பல்லிடுக்கை ஊசியில்லாத சிரிஞ்சால் கழுவினாள். கோபத்தில் அவன் டம்ளரைத் தட்டிவிட்ட நாட்களில், தரையைத் துடைத்துவிட்டு மறுபடி அடித்தாள். கர்ட்டன் வேலை பாதி கைநழுவிப் போயிற்று. டிரைவரின் அக்கா மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. "அவனை அந்தக் கோலத்துல பாக்க எனக்கு மனசு இல்ல" என்று போனில் அழுததோடு சரி.

ஒருவழியாகக் கம்பியைப் பிரித்தார்கள். வாய் திறந்தது. டிரைவர் மறுபடி வேலைக்குப் போனான். ஆனால் காலையில் மேஜைக்கு வருவது நின்றது. "ஏர்லி ஷிப்ட் போட்டுட்டாங்க. கேன்டீன்ல பாத்துக்கறேன்" என்பான். ஷூ லேஸைக்கூடச் சரியாகக் கட்டாமல் கிளம்பிவிடுவான். பாவம், விட்டுப்போன வேலையையெல்லாம் இவன் தலையில் கட்டுகிறார்கள் என்று அவள் டிப்போவைத் திட்டித் தீர்த்தாள்.

அந்தச் சமயத்தில் ஒருநாள் காலையிலேயே நாத்தனார் தெருவில் ஒரு வீட்டுக்குத் திரைச்சீலை மாட்டப் போக வேண்டியிருந்தது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு எட்டிப் பார்க்காமல் போனால் அதையும் ஒரு குறையாகச் சொல்வார்கள் என்று போனாள். வாசலிலேயே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவளுக்குத் தெரிந்த சிரிப்பு. மேஜையில் டிரைவர் உட்கார்ந்திருந்தான். தட்டில் மொறுமொறுவென்று வாட்டிய ரொட்டி, இரண்டு முட்டை. வாய் நிறைய மென்றுகொண்டே பஸ்ஸில் நடந்த கதை எதையோ சொல்லிக்கொண்டிருந்தான்.

"வா, வா" என்று நாத்தனார் நாற்காலியை இழுத்துப்போட்டாள். "எலும்பும் தோலுமா வந்தான். தினமும் நான் வச்சுக் கொடுத்துல்ல ஆளாக்கியிருக்கேன்! நீ அங்க வெறும் ஜூஸா கொடுத்துட்டு இருந்தியாமே?"

டிரைவர் மெல்வதை நிறுத்திவிட்டான்.

"வேலை இருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சாயங்காலம் பிள்ளைகள் வெளியே போனதும் கேட்டாள். "ஷிப்ட்டுன்னு ஏன் பொய் சொன்னீங்க? அக்கா வீட்டுக்குப் போறேன்னா நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?"

அவன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். "உன் எதிர்ல உட்காந்தா அந்த ஸ்ட்ராதான் ஞாபகம் வருது. பச்சைக் குழந்தைக்குத் துடைக்கிற மாதிரி துடைச்சு விட்ட இல்ல, அதுதான் வருது. தொண்டையில எதுவும் இறங்க மாட்டேங்குது. அக்கா அதையெல்லாம் பாக்கல. அங்க போனா நான் பழைய ஆளு."

"அவங்க பாக்கலையா? வரலைன்னு சொல்லுங்க."

"நீ செஞ்சத நான் இல்லைன்னு சொல்லலையே."

"செஞ்சேன்னு அங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

ராத்திரி சாப்பாட்டைத் தட்டில் போட்டுக்கொண்டு டிவி முன்னால் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றான். அவன் தாடை அசைவதைக்கூட அவளால் பார்க்க முடியவில்லை. அந்தத் தாடைக்காக அவள் என்ன பாடுபட்டிருப்பாள்!

அதற்குப் பிறகு ஒளிவுமறைவு இல்லாமல் போய்விட்டது. "அக்கா வீட்டுக்குப் போய்ட்டு அப்படியே டிப்போவுக்குப் போறேன்" என்று சொல்லிவிட்டே கிளம்பினான். வீடு விட்டுப் போகவில்லை, குடிக்கவில்லை, அடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் புலம்பலாம் என்றால்கூட இதை என்னவென்று சொல்வது? ஜூஸ் கொடுத்துக் காப்பாற்றியதால் புருஷனுக்குப் பிடிக்காமல் போய்விட்டேன் என்றால் சிரிக்க மாட்டார்களா? விடிந்ததும் தையல் மெஷினில் உட்கார்ந்துவிடுவாள். அவன் ஷூ மாட்டும் சத்தம் அதில் கேட்காது.

சின்னவன் மட்டும் இன்னும் சில நாள் கேட்டுப் பார்த்தான். "அம்மா, டீசல் கிடையாதா?"

"பழம் கூடையில இருக்கு. கழுவித் தின்னு. உனக்குத்தான் பல்லு இருக்கே!"

பிள்ளையின் முகம் சுண்டிப்போயிற்று. இதை இவனிடம் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்கே தோன்றியது. ஆனாலும் மெஷினின் மிதிபலகையிலிருந்து காலை எடுக்கவில்லை.