கொடும்பாவிக்கு வாய்த்த மகன்

துரையும் துரைசாணியும் ஊழியம் செய்யக் கடல் கடந்து வந்தார்கள். நான் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ரயிலேறி வந்தேன். உத்தனப்பள்ளியிலிருந்து மாட்டுவண்டித் தடத்தில் போகவேண்டிய அந்தக் கிராமத்தில், எங்கள் மூவரில் யார் பெரிய அந்நியர் என்று கேட்டால் ஊர்க்காரர்கள் என்னைத்தான் காட்டியிருப்பார்கள். துரை பேசினால் புரியாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதனால் அவரை மன்னித்துவிட்டார்கள். நான் பேசியது தமிழ் என்று நானே சொல்லிக்கொண்டேன். அவர்களோ வீட்டில் தெலுங்கு பேசினார்கள், சந்தையில் கன்னடம் பேசினார்கள், சண்டையென்றால் மட்டும் தமிழுக்கு வந்தார்கள். என் தமிழைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும் வயது. இங்கிலீஷைத் தமிழாக்கிச் சொல்வதற்காக மிஷன் எனக்குச் சம்பளம் கொடுத்தது. ஊரில் எனக்கு ‘மாத்திச் சொல்ற அம்மா’ என்று பெயர்.

புளியமரத்தடியில் கூடாரம் போட்டிருந்தோம். காலையில் துரைசாணி மருந்து கொடுப்பார். அவர் படித்த நர்ஸ். சாயங்காலம் துரை பிரசங்கம் செய்வார். முதலில் கிராமபோன் வைப்போம். ஊரே வரும். பாட்டு முடிந்து துரை எழுந்து நின்றதும் ஆடு கட்டவேண்டியவர்களுக்கு ஆட்டின் நினைவு வரும். மிச்சமிருக்கும் நாலைந்து பேரிடம், மனிதர் எல்லாரும் பாவிகள் என்று துரை சொல்வார். நான் மாற்றிச் சொல்வேன். அவர்கள் மறுக்கவில்லை. அந்த வருஷம் மழை பெய்யாததிலிருந்தே அது தெரிந்த விஷயம்தான் என்பதுபோல் தலையை ஆட்டினார்கள்.

மருந்துக்கு வந்தவர்களில் ஒருத்தி கீழ்த்தெருப் பெண். அவளும் அவள் புருஷனும் ஊர்க்கவுண்டர் நிலத்தில் கூலிவேலை செய்தார்கள். இதற்குமுன் இரண்டு பிள்ளை பெற்றாள், இரண்டும் அழவேயில்லை. மூன்றாவது வயிற்றில் இருந்தது. துரைசாணி வயிற்றில் கைவைத்துப் பார்த்தார், குழாய் வைத்துக் கேட்டார், பிறகு அந்தக் குழாயை அவள் காதிலேயே வைத்தார். உள்ளே இருந்தது ஓடிக்கொண்டிருக்கும் சத்தத்தை அவள் கேட்டாள். அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

“இது இந்த அம்மா கையிலதான் பொறக்கணும். வேற யார் கையும் எனக்கு வேணாம். சொல்லும்மா அவுங்களுக்கு,” என்றாள்.

சொன்னேன். துரைசாணி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே ஆகட்டும் என்றார். கூடாரத்தைப் பிரிப்பதற்குள் பிள்ளை பிறந்துவிடும் என்று கணக்கு.

கிணறுகள் வற்றின. கீழ்த்தெருக் கிணற்றில் கல் தெரிந்தது. கவுண்டர் தோட்டத்துக் கிணற்றில் மட்டும் கொஞ்சம் ஊறியது. விடியற்காலையில் கவுண்டர் வீட்டு ஆள் இறைத்து ஊற்ற, கீழ்த்தெருவில் வீட்டுக்கு ஒரு குடம் கிடைக்கும். குடிக்க, பொங்க, மாட்டுக்குக் காட்ட எல்லாம் அதற்குள்தான். அடுத்த குடம் மறுநாள் விடிந்தால். எங்கள் தண்ணீர் ஜீப்பில் பீப்பாய் வைத்து வெளியிலிருந்து வந்தது.

ஊர் கூடிக் கொடும்பாவி கட்டி இழுப்பது என்று தீர்மானித்தது. மழையைத் தடுப்பவன் ஒரு மகாபாவி. அவன் செத்தால் மழை வரும். அதனால் வைக்கோலில் அவனைச் செய்து, தெருத்தெருவாக இழுத்து, பெண்கள் மாரடித்து அழுது, ஏரியில் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள். பாவியானாலும் அநாதைப் பிணமாகப் போகக்கூடாது. யாராவது மகனாக இருந்து தலையை மழித்துக் கொள்ளி வைக்கவேண்டும். அந்த வேலை வழிவழியாகக் கீழ்த்தெருவில் ஒரு குடும்பத்துக்கு. அந்தக் குடும்பத்தில் இப்போது இருந்த ஒரே ஆண், நம் கர்ப்பிணியின் புருஷன்.

பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கையில் புருஷன் முடி எடுக்கமாட்டான், பிணத்தின் பின்னால் போகமாட்டான். அது தெரியாதவர் அந்தப் பக்கத்தில் யாருமில்லை. அவனுக்குத் தாடி நெஞ்சுவரை வந்திருந்தது. இரண்டு பிள்ளையைப் புதைத்தவன். கூட்டத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றான்.

“சாமி, வேற என்ன சொன்னாலும் செய்யறன். இது ஒண்ணு மட்டும் வேணாங்க.”

“அப்ப ஊர் காயட்டுங்கறயா?” என்றார் கவுண்டர்.

“என் வூடு ஏற்கெனவே ரெண்டு தடவ காஞ்சுதுங்க.”

கவுண்டர் கெட்டவரில்லை; அவருக்கு அறுபது மாமரம் கருகிக்கொண்டிருந்தது. அவன் சம்மதிக்காவிட்டால் வேறு ஊர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒருவர் சொன்னார். அவர் சொன்னது விளையாட்டுக்கல்ல. நிறைமாதக்காரியைக் கூட்டிக்கொண்டு வறட்சியில் எந்த ஊருக்குப் போவது?

துரை என்னிடம் என்ன விஷயம் என்று கேட்டார். ஒரு பாவி எல்லாருக்காகவும் சாகிறான், அவனுக்குக் கொள்ளிவைக்க மகன் இல்லை என்று சொன்னேன். துரையின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று. இத்தனை நாள் அவர் தொண்டை கிழியச் சொன்னதை ஊரே நடித்துக் காட்டப்போகிறது என்று நினைத்துவிட்டார். நான் செய்கிறேன் என்று எழுந்தார். யோசியுங்கள் என்றேன். ஒரு மத்தியான வேலைதானே என்றார்.

மாற்றிச் சொன்னேன். கூட்டம் சலசலத்தது. வெள்ளைக்காரன் ராஜ்யம் போன பிறகுதான் மழையும் போயிற்று, அவர்களில் ஒருவரே வந்து மழிப்பது பொருத்தம்தான் என்றார் ஒரு பெரியவர். கவுண்டர் மட்டும் துரையை மேலும் கீழும் பார்த்தார்.

“பாவிக்கு எந்த ஜாதியில புள்ள பொறந்தா என்ன? செய்யட்டும்,” என்றார்.

நாவிதர் துரைக்குத் தலை, தாடி, மீசை மூன்றையும் எடுத்தார். அந்த முகத்தை அதற்குமுன் துரைசாணியே பார்த்ததில்லையாம். வேட்டி கட்டி, குடத்தைத் தோளில் வைத்து, கொடும்பாவிக்கு முன்னால் நடந்தார். பெண்கள் மாரடித்துப் பாடினார்கள். பாவியைத் திட்டியும், பிறகு ஐயோ போனாயே என்று கொஞ்சியும் பாடினார்கள். பிள்ளைப்பேறு பார்க்கிற மருத்துவச்சிதான் ஒப்பாரிக்கும் தலைமை. வரவுக்கும் செலவுக்கும் ஊரில் அவள் ஒருத்திதான். துரை நன்றாக அழுதார். ஏரியில் குடத்தை உடைத்துக் கொள்ளி வைத்தார். தாடிக்காரன் தூரத்தில் நின்று இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக் கும்பிட்டான். எனக்குக்கூடத் துரையைப் பிடித்துப்போயிற்று.

மழை பெய்யவில்லை.

மறுநாள் மருந்துக்கு ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் கிராமபோனுக்கும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் அப்படியே. ஊரெல்லாம் துரையைக் கண்டால் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. கோபமோ என்று துரை கேட்டார். போய் விசாரித்தேன். விசாரித்த இடத்தில் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

“அப்பன் செத்து நாலு நாள் ஆகல. தீட்டு இருக்குதில்ல? கருமாதி முடியற மட்டும் அவுங்க வூட்டுல கை நனைக்க முடியுமா? நீயே சொல்லும்மா.”

துரை கொள்ளியை நாடகம் என்று எடுத்துக்கொண்டார். ஊர் அவரை மகன் என்று எடுத்துக்கொண்டது. தகப்பனுக்குக் கொள்ளி வைத்தால் பதினாறாம் நாள்வரை தீட்டு என்பதைத் தலை நரைத்த ஓர் ஆண்பிள்ளைக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் அதைச் சொன்னதும் துரை வெகுநேரம் தன் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். ஜீப்பும் மக்கர் செய்தது. அதைப் பழுதுபார்க்கப் பீப்பாயோடு ஓசூருக்குப் போனார். மறுநாள் வருவதாகச் சொன்னார்.

அவர் போன கொஞ்ச நேரத்தில் தாடிக்காரன் ஓடிவந்தான். வலி கண்டுவிட்டது. துரைசாணி பையை எடுத்துக்கொண்டு அவனுக்கு முன்னால் ஓடினார். வாசலில் அவனுடைய அம்மா குறுக்கே கைவைத்து நின்றாள். துரைக்குத் தீட்டென்றால் அவர் பெண்டாட்டிக்கும் தீட்டு. செத்தவனுக்கு மருமகள் அல்லவா? சாவுத் தீட்டோடு ஒருத்தி பிரசவ வீட்டில் நுழைவதா?

“ரெண்ட எடுத்துக் குடுத்துட்டம்மா. இதையும் எடுத்துக் குடுக்கச் சொல்றயா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். மிரட்டவில்லை. கெஞ்சினாள்.

எனக்கு ஆத்திரம் வந்தது. அவர்கள் பிள்ளைக்காகத்தானே அந்த மனிதர் மொட்டையடித்துக்கொண்டார் என்று கத்தினேன். திருநெல்வேலித் தமிழில் கத்தியதால் பாதி வீணாயிற்று. உள்ளேயிருந்து அந்தப் பெண் தெலுங்கில் அலறினாள். பிரசவ வேதனையில் யாருக்கும் இரண்டாவது பாஷை நினைவிருப்பதில்லை. ஆனால் ‘அந்த அம்மா எங்கே’ என்று கேட்கிறாள் என்பது எனக்கே புரிந்தது.

மருத்துவச்சி வெளியே வந்தாள். முழங்கைவரை வேர்த்திருந்தது. “கால் முன்னால வருது. எனக்கு ஆகாது. அந்த அம்மாவ உடுங்க,” என்றாள்.

“தீட்டு?” என்றாள் மாமியார்.

“செத்தது வைக்கோலு. பெத்த அப்பனா? மூணாம் நாள் தாண்டியாச்சு. சுருக்கா முடிச்சுக்கலாம். தலைக்கு ஊத்தி முழுகினா தீந்துது. ஒப்பாரி வெச்சவ நான் சொல்றன்.”

சரியான தீர்ப்புத்தான். தலைக்கு ஊற்ற எங்கே தண்ணீர்? எங்கள் பீப்பாய் ஓசூரில் இருந்தது. துரைசாணியின் கூஜாவில் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர் கொஞ்சம் இருந்தது. அது கை கழுவவே காணாது. கவுண்டர் தோட்டத்துக் கதவு விடிந்தால்தான் திறக்கும். ஆள்விட்டுக் கேட்டு வருவதற்குள் உள்ளே என்ன ஆகுமோ. தாடிக்காரன் தன் வீட்டுக் குடத்தைத் தூக்கிவந்தான். கால்குடம் இருந்தது. துரைசாணியின் தலையில் ஊற்றினான், தோள்கூட நனையவில்லை.

அப்போது எதிர்வீட்டுக்காரி உள்ளே போனாள். கதவைச் சாத்திக்கொள்ளப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். குடத்தோடு வந்தாள். ஊற்றினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். பிறகு தெருவே வந்தது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. சில குடத்தில் பாதி இருந்தது, சிலதில் அடித்தண்ணீர்தான். ஒருத்தி கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே செம்பைக் கவிழ்த்தாள். துரைசாணி கண்ணை மூடிக்கொண்டு புழுதியில் நின்றார். உச்சிமுதல் பாதம்வரை சொட்டியது. மாமியார் குனிந்து பார்த்தாள். பிறகு வாசலில் வைத்திருந்த கையை எடுத்தாள்.

கல்யாணமாகாத நான் உள்ளே போகக்கூடாது. படலுக்கு வெளியே நின்று, துரைசாணி இங்கிலீஷில் சொல்வதைத் தமிழில் கத்தினேன். உள்ளேயிருந்த எதிர்வீட்டுக்காரி அதைத் தெலுங்கில் கத்தினாள். முக்கு என்றால் அது போய்ச் சேர்வதற்குள் முக்காதே என்ற அடுத்த உத்தரவு வந்துவிடும். கடைசியில் யாரும் எதையும் மாற்றிச் சொல்லவில்லை. எல்லாரும் சேர்ந்து கத்தினோம். சத்தம் நின்றது. நான் ஜெபம் செய்யக்கூட மறந்து நின்றேன். பிறகு கோபமான ஒரு சின்னக் குரல் அழுதது. அழுகையை நிறுத்தவேயில்லை. தாடிக்காரன் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

பெண் பிள்ளை. பிள்ளை பிறந்த பிறகு எனக்குத் தடையில்லை என்று உள்ளே விட்டார்கள். பெற்றவள் தண்ணீர் கேட்டாள். துரைசாணி கூஜாவில் மிச்சமிருந்ததைக் கொடுத்தார். உதட்டில் வைத்த பிறகுதான் துரைசாணியின் ஈரக்கூந்தல் அவள் கண்ணில் பட்டது. எப்படி என்று கேட்டாள். சொன்னார்கள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“எல்லார் வூட்டுத் தண்ணியுமா? நாளைக்கு விடியற மட்டும் புள்ளைங்க என்ன குடிக்கும்?”

எதிர்வீட்டுக்காரி தம்ளரை எடுத்து மறுபடி அவள் வாயில் வைத்தாள்.

“அட குடிடி. தண்ணிய நாளைக்குக் குடிச்சுக்கலாம். புள்ளய நாளைக்குப் பெத்துக்க முடியுமா?”

என்ன சொல்கிறாள் என்று துரைசாணி என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். அந்த ஊரில் என்னால் மாற்றிச் சொல்ல முடியாமல் போனது அது ஒன்றுதான். அழுதுவிட்டேன்.