அண்ணன் முகம் வந்த சுவரொட்டி

அவளுக்குப் படம் வரைய வேலை கொடுப்பவர்கள் ஒரே மாதிரி ஆட்கள் இல்லை. காலையில் பாடப்புத்தகத்துக்குத் தவளையின் குடல், மத்தியானம் சோப்பு உறைக்கு ரோஜா. நடுவே பல் டாக்டர் ஒருவர் தன் கிளினிக் சுவருக்குச் சிரிக்கிற முதலை வேண்டும் என்பார். பதினான்கு வருடமாக இதுதான் பிழைப்பு. முடியாது என்று யாரிடமும் சொன்னதில்லை.

சுகாதாரத் துறையில் குடிக்கு எதிராக ஒரு சுவரொட்டி கேட்டார்கள். அவள் அனுப்பிய மூன்று மாதிரிகளும் திரும்பி வந்தன.

"சினிமாக் குடிகாரன் மாதிரி இருக்கும்மா. பாத்தா சுருக்குனு தைக்கணும்" என்றார் அதிகாரி.

நான்காவது படத்தில் கை தானாகப் போயிற்று. சரிந்த தோள், மாற்றிப் போட்ட பட்டன், குழந்தையிடம் மன்னிப்புக் கேட்பது போல ஓர் அசட்டுச் சிரிப்பு. பாதியிலேயே அது அண்ணன் என்று தெரிந்துவிட்டது. அழிக்க மனம் வரவில்லை. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. மூக்கை மட்டும் லேசாக மாற்றி அனுப்பினாள். அதிகாரி போனில் பாராட்டியபோது பூரித்துப் போனாள்.

அண்ணன் குடியை விட்டு ஆறு வருடம் ஆகியிருந்தது. லிப்ட் பழுது பார்க்கும் கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருந்தான். பழைய கதை அங்கே யாருக்கும் தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணி போன் செய்தாள். "அவர் கம்பெனியில சாப்பிடற ரூம்ல ஒட்டியிருக்காங்களாம். 'என்னப்பா, உன்னை மாதிரியே இருக்கே'ன்னு எல்லாரும் சிரிச்சாங்களாம். இவரும் சிரிச்சு வச்சுட்டு வந்துட்டாரு. நேத்து வந்ததுலேர்ந்து சாப்பிடல. கீழ உன் கையெழுத்து இருக்காமே?"

அவளுக்குக் காது சுட்டது. அன்று சாயங்காலமே போனாள். அண்ணன் யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான்.

"வேணும்னு பண்ணலண்ணா" என்று ஆரம்பித்தாள். சொல்லும்போதே நாக்கு கூசியது. "இல்ல, தெரிஞ்சுதான் பண்ணேன். படம் நல்லா வந்துச்சு. அதான் விட்டுட்டேன்."

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். "நான் ஆறு வருஷமா மறக்கப் பாடுபடறேன். நீ நாலாயிரம் காப்பி போட்டுட்டே."

குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை.

மறுநாள் அதிகாரியிடம் போய், அது தன் வீட்டு ஆளின் முகம் என்று சொல்லிக் கெஞ்சினாள். ஒட்டியதைக் கிழிக்க முடியாது, அடுத்த அச்சுக்கு வேறு படம் கொடுங்கள் என்றார். முகம் தெரியாமல் திரும்பி நிற்கும் ஆளை வரைந்து கொடுத்தாள்.

"பழசு மாதிரி வரலையேம்மா."

"வராது சார்."

இரண்டு வாரம் கழித்து, சாப்பாட்டு நேரத்தில் அண்ணன் தானாகவே சொல்லிவிட்டானாம், "அது நான்தான்" என்று. ஒருவர் மட்டும் எழுந்து போனாராம். மற்றவர்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார்களாம். அண்ணி இதைப் பெருமையாகச் சொன்னாள். கேட்டவளால் பெருமைப்பட முடியவில்லை. அவனை அப்படிச் சொல்ல வைத்தது தான்தானே என்று குறுகிப் போனாள்.

அண்ணன் அவள் வீட்டுக்கு வருவதை நிறுத்தவில்லை. வருகிறான், நன்றாகவே பேசுகிறான். அவள் கண் அவன் முகத்தில் கொஞ்சம் அதிகமாக நின்றால் மட்டும், "என்ன பாக்கறே?" என்கிறான்.

"ஒண்ணுமில்லண்ணா" என்று அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள்.