அக்காவின் சிறுநீரகம்

காலையில் எழுந்தபோது முகம் வீங்கியிருந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் தையல் கம்பெனி வேலை. செருப்பு வார் காலில் பதித்த பள்ளம் மாலைவரை மறையவில்லை. சில வாரங்களில் சோற்றைப் பார்த்தாலே குமட்டியது.

ரத்தப் பரிசோதனை முடிந்ததும் டாக்டர் ஒரு தாளில் இரண்டு அவரை விதைகளை வரைந்தார்.

"இதாம்மா சிறுநீரகம். ரத்தத்தை வடிகட்டி, வேண்டியதைத் திருப்பி அனுப்பும், வேண்டாத உப்பையும் தண்ணியையும் வெளியே தள்ளும். உங்களுக்கு ரெண்டுமே சுருங்கிடுச்சு."

டயாலிசிஸ் (ரத்தத்தை இயந்திரத்தில் சுத்தம்செய்து திரும்ப ஏற்றுவது) தொடங்கியது. நானும் என் கணவர் சேகரும் கள்ளிக்குப்பத்து வீட்டிலிருந்து கிளம்பி, ரயிலில் சென்னைக்குப் போய்வருவோம்.

குடிக்கும் தண்ணீர் வெளியேறாமல் நுரையீரலில் தேங்கும் என்பதால் அளந்துதான் குடிக்க வேண்டும். அந்தத் தாகம் தூக்கத்திலும் அடங்காது. இதைப் படிக்கும் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெருக்குழாயில் குடம் நிறையும் சத்தம் கேட்டால் கதவைச் சாத்திவிடுவேன். சேகர் எனக்குத் தெரியாமல் கொல்லைப்பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருவார்.

வெள்ளானூரிலிருந்து தனம் அக்கா வந்தாள். கட்டட வேலைக்குப் போகிறவள். அவள் ரத்தவகை எனக்குப் பொருந்தியது. டாக்டர் ஆபத்துகளை விளக்கிக்கொண்டிருந்தபோது குறுக்கிட்டாள்.

"இன்னா சார் இவ்ளோ யோசிச்சிகினு கீறீங்க? எனக்கு ரெண்டு கீதுல்ல? ஒண்ண எடுத்து அவளுக்கு வையுங்க."

"உங்க வீட்டுக்காரர் சம்மதிக்கணுமேம்மா."

"அவராண்ட சொல்லிட்டேன் சார். கேக்கத்தான் இல்ல."

அறுவைச் சிகிச்சை முடிந்து கண் விழித்தேன். கட்டிலோரம் தொங்கிய பையை நர்ஸ் தூக்கிக் காட்டினார். சிறுநீர். எத்தனை மாதமாக ஏங்கியது! அழுதுவிட்டேன். அடுத்த வார்டில் படுத்திருந்த அக்காவிடம் சேகர் போய்ச் சொன்னார்.

"போவுதா? அப்ப அவள வயிறு முட்டத் தண்ணி குடிக்கச் சொல்லு" என்றாளாம்.

அத்தோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. வந்த உறுப்பை உடம்பு எதிர்க்காமலிருக்கத் தினமும் மாத்திரை. அதனால் சர்க்கரை ஏறியது. கணையம் (இன்சுலின் சுரப்பது) திணறுகிறது என்றார் டாக்டர். மருந்துகளையெல்லாம் சிதைக்க வேண்டிய கல்லீரலுக்கும் அவ்வப்போது பரிசோதனை.

சில வருடங்கள் கழித்து அக்கா மாரடைப்பில் இறந்துபோனாள். எனக்குக் கொடுத்ததனாலா என்று டாக்டரிடம் கேட்டேன். இல்லை, அவளிடம் மிச்சமிருந்தது கடைசிவரை நன்றாகவே வேலைசெய்தது என்றார். நம்புகிறேன். ஆனாலும் வாசலில் யாராவது அவளைப்போல் உரக்கப் பேசினால் எட்டிப் பார்க்கிறேன்.

மாற்றுச் சிறுநீரகத்தை முதுகுப்பக்கம் வைப்பதில்லை. எனக்கு அடிவயிற்றில் வலப்புறம் வைத்திருக்கிறார்கள். தொட்டால் மேடாகத் தெரியும். அக்காவைப் பார்க்கவேண்டும் போலிருந்தால் அங்கே கையை வைத்துக்கொள்வேன். அவள் போன வயதை நான் தாண்டிவிட்டேன். அவளுடைய இந்த ஒன்றுக்கு மட்டும் என்னோடு சேர்ந்து வயது ஏறிக்கொண்டிருக்கிறது.